பதினான்காம் சென்சார்

டிசம்பர் 2, செவ்வாய்

எரிபொருள் அறையின் ஒரே வாயு சென்சாரான பதினான்காம் எண் இன்று காலையும் கத்தியது. புறப்பட்டுப் பதினோரு நாளில் இது ஐந்தாவது முறை. அது கத்தினால் கப்பல் தானாகவே அம்மோனியா எரிபொருளை நிறுத்திவிட்டு, பேட்டரிக்கு மாறி, நடைபழகுவது போல ஊர ஆரம்பிக்கிறது. மறுபடி பழைய வேகத்துக்கு வர மூன்று மணி நேரமாகிறது.

'நித்திலம்' எண்ணெய் எரிக்காத கப்பல். புகை கிடையாது. வழியையும் அதுவே பார்த்துக்கொள்ளும். சோதனைப் பயணம் என்பதால் எங்கள் நாலு பேரை ஏற்றியிருக்கிறார்கள். கேப்டன் ஜெயசிம்மன் சென்னைக்காரர். "சுக்கானைத் தொடாம இருக்கறதுதான் என் வேலை" என்பார். சீஃப் இன்ஜினியர் இலியாஸ், கீழக்கரை. குணசீலன் அண்ணன் கடலூர்ப் பக்கம். கயிறு, பெயின்ட், சமையல் எல்லாம் அவர்தான். நான் மின்சார அதிகாரி. வயர்கள், மின்பலகைகள், இருபத்தெட்டு வாயு சென்சார்கள் என் பொறுப்பு.

ஐந்து முறையும் வாயுவை அளக்கிற கைமீட்டரோடு உள்ளே போய்ப் பார்த்தாயிற்று. ஒரு கசிவும் இல்லை.

சென்னையில் கரை மையத்திலிருந்து கப்பலைக் கண்காணிக்கிற நிவேதன் அழைத்தார். "திலகா மேடம், இன்னொரு தடவை நின்னா ட்ரையல் ஃபெயில்னு எழுதிடுவாங்க. அத ஏதாவது ஒருவழி பண்ணுங்களேன்."

பிற்பகல் பதினான்கைச் சரிசெய்தேன். அப்புறம் இரண்டு வாளி துணி துவைத்தேன். குணா அண்ணன் வைத்த கத்திரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது.

டிசம்பர் 3, புதன்

இன்று கத்தவில்லை. டீ குடிக்கும்போது சீஃப் கேட்டார்: "என்னம்மா திலகா, அந்தக் கழுதைய எப்பிடி அடக்குன?"

"கனெக்‌ஷன் லூசா இருந்துச்சு சீஃப்."

"ஒனக்கு நல்ல கைம்மா" என்றார்.

டிசம்பர் 4, வியாழன்

கடல் கொஞ்சம் புரட்டல். ஏ.சி. ஃபில்டர்கள் ஆறையும் கழுவிப் போட்டேன். வேகம் நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

கை இன்னும் நடுங்குகிறது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும். பின்னால் கேட்பார்கள்.

மதியம் பன்னிரண்டே கால். வெள்ளிக்கிழமை என்பதால் தொழுகைக்கு முன்னால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சீஃப் எரிபொருள் அறைக்குப் போனார். நான் மின்பலகை அறையில் இருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மூக்குக்குள் ஊசி இறங்கியது போல இருந்தது. அம்மோனியா என்று தெரிந்துவிட்டது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை. நான் கத்தினேன் என்று குணா அண்ணன் சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

உள்ளே போனது குணா அண்ணன். முகமூடியும் காற்றுச் சிலிண்டரும் மாட்டிக்கொண்டு போய்ச் சீஃபைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கேப்டன் மேலேயிருந்து அவசர நிறுத்தத்தை அழுத்தினார். தொட்டி வால்வு மூடியது. சீஃபைத் தரையில் கிடத்தி இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றினோம். கண்ணைத் திறக்க முடியவில்லை. மூச்சு விசில் அடிப்பது போல வந்தது.

குணா அண்ணன் முகமூடியைக் கழற்றியதும் முதலில் சொன்னது: "கதவு மேல பச்சைதான் எரிஞ்சிது. எங் கண்ணால பாத்தன் சார். பச்சை."

வாயு இருந்தால் விளக்கு சிவப்பாகிக் கதவு பூட்டிக்கொள்ள வேண்டும். கேப்டன் என்னைப் பார்த்தார். நான் சீஃபின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

திரையில் வந்த டாக்டர், தொண்டையும் நுரையீரலும் வீங்கும், இரண்டு மூன்று நாளுக்குள் ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும் என்றார். எங்களிடம் ஆக்ஸிஜன் சிலிண்டர் பன்னிரண்டு. ஒன்று ஆறு மணி நேரம் வரும்.

டிசம்பர் 6, சனி

கப்பல் தானே பக்கத்துத் துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்து, விடியும்போது வெள்ளாறுமுனைக்கு ஒன்பது மைல் தள்ளி நங்கூரம் போட்டுக்கொண்டது. யாரையும் கேட்கவில்லை. கலங்கரை விளக்கம் தெரிகிறது. மீன் கம்பெனியின் நீலத் தகரக் கூரையும் தெரிகிறது.

துறைமுகம் உள்ளே விட மறுத்துவிட்டது. குழாய்களில் மிச்சமிருக்கிற அம்மோனியா, கப்பலின் பின்பக்கத்து உயரக் குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இப்போது அடிப்பது வாடைக் காற்று. கடலிலிருந்து கரைக்குத்தான் போகும். கரையோரம் முழுக்க மீனவர் குடியிருப்புகள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் விடமாட்டேன்.

ஹெலிகாப்டரும் வராது. விசிறிக் காற்று வாயுவைக் கீழே இழுத்துவிடும் என்கிறார்கள். எங்கள் சொந்த மீட்புப் படகு பின்பக்கம் தொங்குகிறது, வாயு இறங்குகிற அதே இடத்தில்.

கேப்டன், கப்பலைக் கையால் ஓட்டிக் காற்றுக்குத் தோதாகத் திருப்பி நிறுத்தலாம் என்று சாவியைப் போட்டார். 'கரை மையத்தின் அனுமதிக்குக் காத்திருக்கிறது' என்று திரையில் வந்தது. அரை மணி கழித்தும் அதுதான். முப்பத்தாறு வருடம் கப்பல் ஓட்டியவர், அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிவேதன் வந்து, கம்பெனி வக்கீல்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதுவரை எதையும் தொட வேண்டாம் என்றார்.

"என் கப்பல்ல ஒருத்தர் மூச்சு விட முடியாம கெடக்காருப்பா" என்றார் கேப்டன்.

"புரியுது சார். புரியுது" என்றார் நிவேதன்.

முன்பக்கத்துக் குடியிருப்புப் பகுதிக்குள் நாலு பேரும் அடைந்துவிட்டோம். வெளிக்காற்று வரும் வழிகளை மூடி, கதவிடுக்குகளில் டேப் ஒட்டினேன். ஒரு மெஸ், ஒரு நடை, நாலு அறை. உள்ளே இருக்கிற காற்றே சுற்றிச் சுற்றி வருகிறது. மாலைக்குள் அதில் வெந்த சோற்று வாசமும் எங்கள் வியர்வையும் ஏறிவிட்டன.

டிசம்பர் 7, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. இது இன்னும் மோசம். காற்று இருந்தால் வாயு பின்னால் போகும். இல்லாவிட்டால் கப்பலைச் சுற்றியே நிற்கும். ஜன்னல் பக்கமே போகவில்லை.

காலை எட்டரைக்கு ஒரு விசைப்படகு எங்கள் பின்பக்கமாக வலை விரிக்க வந்தது. கேப்டன் சீஃபோடு இருந்ததால் ரேடியோவை நான் எடுத்தேன்.

"படகு, படகு, கப்பல் நித்திலத்துலேருந்து பேசறேன். இந்தப் பக்கம் வராதீங்கண்ணே."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல்: "ஆளே இல்லாத கப்பலுன்னு சொன்னாங்க. நீ யாரு?"

"நாலு பேர் இருக்கோம்ண்ணே."

"பொம்பளப் புள்ள கொரலா இருக்கே. என்னா, கசிவுதா?"

பொது அலைவரிசையில் கசிவு பற்றிப் பேசக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. "எங்க பின்பக்கம் வலை போடாதீங்க. ரொம்பத் தள்ளிச் சுத்திப் போயிடுங்க" என்றேன்.

"எம் மொவன் படகும் வருது. அவனுக்கும் சொல்லிடுறன். நீங்க எப்ப எறங்குவீங்க?"

தெரியாது என்றேன். அவர் படகைத் திருப்பினார். போகிற வழியில் மற்றப் படகுகளுக்கும் சொல்லிக்கொண்டே போனது ரேடியோவில் கேட்டது. ஒளித்துப் பேசியது நான் மட்டும்தான்.

பதினோரு மணிக்குத் துறைமுகப் பாதுகாப்பு அதிகாரி இந்திராணி பேசினார். கண்டிப்பான குரல். கப்பலின் சென்சார் அளவுகள் எல்லாம் அவர் திரையிலும் தெரிகின்றன.

"கேப்டன், உங்க பின்பக்கத்து சென்சார்கள் மட்டும் வாயு காட்டுது, மத்ததெல்லாம் பூஜ்யம். விபத்து நடந்த நிமிஷத்துல இருபத்தெட்டும் பூஜ்யம். ஆனா உள்ள ஒருத்தர் வெந்து கிடக்கார். அப்போ இந்த மெஷின் பொய் சொல்லுது. எது பொய், எது நிஜம்னு எனக்குத் தெரியாது. எதை நம்பி என் ஆளுங்களைப் படகுல அனுப்பறது?"

"கைமீட்டர்ல பாத்துச் சொல்றோம் மேடம்."

"அந்த மீட்டரையும் அதே ஆள்தானே சரிபாக்கறாங்க?"

கேப்டன் ரேடியோவைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார். "திலகா, சென்சாரெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதாம்மா?"

"செய்யுது சார்" என்றேன்.

இருபத்தேழு செய்கின்றன. அது பொய்யில்லை.

மதியம் சீஃபுக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். கண்ணில் ஈரத்துணிக் கட்டு. குரல் காற்றாகத்தான் வருகிறது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன்.

"பச்சையப் பாத்துட்டுத்தாம்மா போனேன்" என்றார்.

"பேசாதீங்க சீஃப்."

பாத்திரங்களைக் கழுவினேன். குளியலறைச் சாக்கடையில் முடி அடைத்திருந்ததை எடுத்தேன். ஏற்கெனவே தேய்த்த அடுப்பை மறுபடி தேய்த்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

காலை ஆறு மணிக்குப் பத்தாவது சிலிண்டர் முடிந்து பதினொன்றை மாட்டினோம். இன்னும் ஒன்று. டாக்டர் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தார். குறைத்தால் சீஃபின் உதடு நீலமாகிறது. கூட்டினோம்.

ஏழு மணிக்கு குணா அண்ணன் நடையில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முகமூடி. எங்களிடம் மிச்சமிருக்கிற ஒரே காற்றுச் சிலிண்டரும் அங்கே இருந்தது.

"எங்கண்ணே?"

"பின்னாடி போயி அந்தப் படக எறக்கறன். சுத்தி முன்னாடி கொண்டாந்தா அவர ஏத்திடலாம்."

"அந்தச் சிலிண்டர் அரை மணிதான் வரும். படகை ஒத்தையா இறக்கவே முக்கால் மணி ஆகும்ண்ணே."

"தெரியும்." அவர் வார்ப்பூட்டை இழுத்துக் கட்டினார். "சும்மா ஒக்காந்து பாத்துக்கினே இருக்கச் சொல்றியா? எனக்கு அது முடியாதும்மா."

கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகிறேன் என்பது போலச் சொன்னார். எழுந்து நின்று என்னிடம், "முதுகுல அந்த வாரை இழுத்து வுடு" என்றார். அந்த வாரைப் பிடித்தேன். இழுக்கவில்லை. பிடித்தபடியே, "அஞ்சு நிமிஷம் இருங்கண்ணே" என்றேன்.

மேலே ஓடிப்போய்க் கேப்டன் கையிலிருந்து ரேடியோவை வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மேடம், நான் மின்சார அதிகாரி ராஜதிலகா. பதினாலை மட்டும் நம்பாதீங்க. அது கனெக்‌ஷன்ல இல்ல. மத்த இருபத்தேழும் உண்மை."

இந்திராணி கேட்டார்: "எப்பலேருந்து இல்ல?"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து."

"விபத்துக்கு முன்னாலயேவா?"

"ஆமா மேடம்."

கேப்டன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தது உண்மைன்னு நான் எப்படி நம்பறது?" என்றார் இந்திராணி.

"டெஸ்ட் காஸ் குப்பி இருக்கு. படகு வந்து நிக்க வேண்டிய முன்பக்கத்துல பதினோரு சென்சார் இருக்கு. நான் ஒவ்வொண்ணுக்கும் போய் அந்த காஸைக் காட்டறேன். நீங்க உங்க திரையில பாருங்க. எந்த நம்பரை முதல்ல காட்டணும்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு முன்கூட்டித் தெரிய வேண்டாம்."

கொஞ்சம் யோசித்தார். "சரி. மூணாம் நம்பர்."

குணா அண்ணன் தன் முதுகிலிருந்து அந்தச் சிலிண்டரைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். இரண்டு நாளுக்குப் பிறகு வெளியே கால் வைத்தேன். வாடை மறுபடி எழுந்திருந்தது. முகமூடிக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றுக்குக் குப்பியைக் காட்டினேன். காதில் இந்திராணியின் குரல்: "ஏறுது. நிறுத்துங்க. இறங்குது. அடுத்து எட்டு." எட்டு. பிறகு ஒன்று. பிறகு இருபத்திரண்டு. பதினோராவது முடியும்போது சிலிண்டரில் எச்சரிக்கை விசில் ஊத ஆரம்பித்திருந்தது.

"பதினொண்ணும் சரி. குப்பிய எடுத்ததும் பூஜ்யம். முன்பக்கம் சுத்தமா இருக்கு. படகு அனுப்பறேன்" என்றார். ஒரு நொடி கழித்து, "இதை சனிக்கிழமையே சொல்லியிருந்தா சனிக்கிழமையே அனுப்பியிருப்பேன்" என்றும் சொன்னார்.

பத்தே முக்காலுக்குக் கடலோரக் காவல் படகு காற்றுக்கு மேல்பக்கமாக வந்து முன்னால் ஒட்டியது. சீஃபை ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கினோம். பாதியில் அலை தூக்கி ஒரு முறை கப்பல் பக்கத்தில் இடித்தது. படகிலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எங்களை ஏற்றவில்லை. வாயு முழுக்கத் தீரும்வரை கப்பலை இயக்கத் தெரிந்தவர்கள் உள்ளே இருக்க வேண்டும் என்று உத்தரவு.

டிசம்பர் 10, புதன்

சீஃபுக்குத் தொண்டையில் குழாய் வைத்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்று தகவல். கண் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கேப்டன் என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறார். சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தும்போதுகூட "மிஸ் ராஜதிலகா" என்கிறார். கேப்டன் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது, குணா அண்ணன் எப்போதும் போலப் பேசுகிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

வெந்தயம் தீர்ந்துவிட்டது. வெளியே மழை. உள்ளே அதே காற்று.

டிசம்பர் 14, ஞாயிறு

பின்பக்கத்து சென்சார்கள் மூன்று நாளாகப் பூஜ்யத்திலேயே நிற்கின்றன. துறைமுகத்திலிருந்து இரண்டு நிபுணர்கள் வந்தார்கள். முழு உடுப்போடு எரிபொருள் அறையைத் திறந்தோம்.

இரண்டாவது பம்பின் சீல் கிழிந்திருந்தது. ஒரே நாளில் கிழிந்ததில்லை. விளிம்பு முழுக்கப் பழைய வெள்ளைப் படிவு. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் துளி துளியாக விட்டிருக்கிறது. அடியில் இருக்கிற கிண்ணத்துக்கு நேர் மேலேதான் பதினான்கு மாட்டியிருக்கிறது. அது பழுதில்லை. ஐந்து முறையும் உண்மையைத்தான் கத்தியிருக்கிறது.

இரண்டாம் தேதி எழுதியதைத் திருத்தப்போவதில்லை. கீழே சேர்த்து எழுதுகிறேன்.

கைமீட்டரோடு உள்ளே போனது முதல் மூன்று தடவைதான். கப்பல் நேராக நின்றபோது போனேன், அதனால் ஒன்றும் தெரியவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் நான் போகவே இல்லை. கதவருகே நின்று ரீசெட் செய்தேன். பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதினேன். அன்று நிவேதனிடம், "சென்சாரை ஒதுக்கி பைபாஸ் போட்டா உங்க திரையில மஞ்சள் குறி வரும்" என்றேன். "மஞ்சள் வராம பண்ண முடியாதா?" என்று கேட்டார். முடியும். வயரைக் கழற்றிவிட்டு, எப்போதும் பூஜ்யம் காட்டுகிற மாதிரி ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்தேன். பத்து நிமிட வேலை. நேர்த்தியாகச் செய்தேன்.

சிவகாசியில் என் அம்மா பட்டாசு ஆலையில் இருபது வருடம் வேலை செய்தாள். இடது கையில் மூன்று விரல்தான். அன்றைக்கு மேஸ்திரி, "ஒண்ணும் ஆகாது, வேகமா பண்ணுங்க" என்று சொன்னாராம். அந்த மேஸ்திரியைப் பார்க்காமலேயே சின்ன வயதிலிருந்து வெறுத்திருக்கிறேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

நிவேதன் என் சொந்த எண்ணுக்கு அழைத்தார்.

"மேடம், கவலைப்படாதீங்க. சென்சார் பழுது, அதனால கழட்டி வெச்சிருந்தாங்கன்னு கம்பெனி அறிக்கை போகுது. உங்க பேரு வராது. எம் பேரும் வராது. நீங்க அமைதியா இருந்தா போதும்."

"சென்சார் பழுதில்லையே நிவேதன். சீல்தான் போயிருக்கு."

"சீல் விபத்தன்னிக்குப் போச்சு. அவ்ளோதான்."

போனை வைத்ததும் பெரிய பாரம் இறங்கியது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே இறங்கியது. மாலையில் கப்பலின் அலுவல் பெட்டிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. இதே மாதிரிக் கட்டிய இன்னொரு கப்பல் 'வலம்புரி' இப்போது கடலில் இருக்கிறது. அதில் இரண்டே பேர். அவர்களுக்கும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்: பதினான்காம் எண் சென்சார் தவறான எச்சரிக்கை தரக்கூடியது, எச்சரிக்கை வந்தால் கரை மையமே அதை அணைத்துவைக்கும், பணியாளர்கள் பயணத்தைத் தொடரலாம்.

மூன்று முறை படித்தேன். நான் பத்து நிமிடத்தில் செய்த வேலையைக் கம்பெனி விதியாக ஆக்கிவிட்டது.

டிசம்பர் 17, புதன்

வலம்புரியில் இருக்கிற இரண்டு பேரின் பெயரைக் கேப்டனிடம் கேட்டேன். எதற்கு என்றார். சுற்றறிக்கையைக் காட்டினேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். ரெசிஸ்டர், மஞ்சள் குறி, போகாத இரண்டு தடவை. கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உன் லைசென்ஸ் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"கேஸும் வரலாம்."

"தெரியும் சார்."

"அப்ப உக்காந்து எழுது. நான் இந்திராணி மேடத்தைக் கூப்பிடறேன்."

நாலு பக்கம் எழுதினேன். மெஸ் மேசையில், குணா அண்ணன் எதிரில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது. இந்திராணி மதியமே படகில் வந்துவிட்டார். நேரில் பார்த்தால் குள்ளமான ஆள், மூக்குக் கண்ணாடி, நனைந்த செருப்பு. நின்றபடியே நாலு பக்கத்தையும் படித்தார்.

"கரை மையத்துல சொன்னது பேச்சு மட்டும்தானா? எழுத்துல எதுவும் இல்லையா?"

"இல்ல மேடம்."

"அப்போ அவர் இல்லேம்பார்."

"சொல்லட்டும். வயரைக் கழட்டுனது என் கைதான்."

அவர் அங்கிருந்தே வலம்புரியை நிறுத்தச் சொல்லிப் பேசினார். அவர் போன பிறகு குணா அண்ணன் உரித்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்கும் என் பக்கம் பார்க்கவில்லை. அன்று அந்த அறைக்குள் போய்த் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்.

டிசம்பர் 19, வெள்ளி

வலம்புரியில் இரண்டாவது பம்பைத் திறந்து பார்த்தார்களாம். சீலின் விளிம்பில் வெள்ளைப் படிவு. இன்னும் கிழியவில்லை.

நிவேதன் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என் லைசென்ஸை நிறுத்திவைத்து உத்தரவு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 24, புதன்

நேற்று எங்களை இறக்கினார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு தரையில் நின்றபோது கால் தள்ளாடியது. குணா அண்ணன் தன் பையோடு நேராகப் பஸ் ஏறிவிட்டார். ஜன்னல் வழியே ஒரு கை மட்டும் தூக்கினார்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றாவது மாடி. வராந்தாவில் சீஃபின் மனைவி ஜுலைகா அக்கா பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். போட்டோவில் பார்த்திருக்கிறேன். என் பேரைச் சொன்னதும் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

"அக்கா, அந்த சென்சாரைக் கழட்டுனது நான்தான். அவர் பச்சை விளக்கை நம்பி உள்ள போனதுக்குக் காரணம் நான்தான்" என்றேன்.

அவர் ஆரஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நார் நாராக உரித்துக்கொண்டே இருந்தார்.

"கொழாய எடுத்த அன்னைக்கே அவுக சொல்லிட்டாக" என்றார். "'கப்பல்ல கெடக்கும்போதே எனக்குத் தெரியும், அந்தப் புள்ள கை நடுங்குச்சு'ன்னு சொன்னாக. யாருகிட்டயும் சொல்லாதன்னும் சொன்னாக. நான் தெனமும் இங்கன ஒக்காந்து, நீ வந்து ஒன் வாயால சொல்லுவியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் அடுத்த சுளையைப் பிரித்தார்.

"ஒன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. எனக்கு அது முடியுமான்னு தெரியல." உரித்த சுளைகளைக் கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்தார். "உள்ள போ. ஒரு கண்ணுல சுத்தமா தெரியாது. இன்னொண்ணுல வெளிச்சம் மட்டும் தெரியுது. காலடி கேட்டா நர்சுன்னு நெனச்சுக்குவாக. யாருன்னு சொல்லிட்டு அப்புறம் பேசு."

கதவைத் தள்ளினேன். ஜன்னல் திறந்திருந்தது. அவர் தலையணையில் சாய்ந்து முகத்தைக் காற்று வந்த பக்கம் வைத்திருந்தார். காலடி கேட்டுத் திரும்பினார்.

"சீஃப்" என்றேன். "நான் திலகா வந்திருக்கேன்."